ஏரிக்குள் இறங்கிய கயிறு

நவம்பர் 3, ஞாயிறு

கடையில் தூண்டில் இரைக்கு விற்கும் அட்டைகளுக்குத் தண்ணீர் மாற்றினேன்.

முறையை எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். குழாய்த் தண்ணீர் கூடாது, அதில் கலக்கும் மருந்து அட்டையைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரை முதல் நாளே எடுத்து, வாளி இருக்கும் அதே பிரிட்ஜில் வைக்க வேண்டும். பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் ஒரே குளிராக இருந்தால்தான் தாங்கும். வடிதட்டில் ஊற்றிச் செத்ததைப் பொறுக்கி எறிய வேண்டும். ஒன்று செத்துக் கிடந்தாலும் வாளி முழுவதும் நாறிவிடும். செத்தது வெளிறி, நீளமாகத் தொங்கும். உருண்டையாகச் சுருண்டு கிடப்பது செத்தது அல்ல. அது குளிருக்குச் சுருண்டிருக்கிறது.

கல்யாணம் செய்த இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒரு விஷயத்தை இரண்டு தரம் விளக்கிச் சொன்னது இது ஒன்றுதான்.

தேடுகிறவர்கள் வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டார்கள். அவர் போய் இரண்டு கிழமையாகப் போகிறது. படகு ஏரியின் வடக்குக் கரையில் பாதித் தண்ணீரோடு ஒதுங்கிக் கிடந்தது. தூண்டில் இருக்கைக்கு அடியில் சிக்கியிருந்தது. அவர் இல்லை. உள்ளூர் ரேடியோவில் குணநாயகம் என்ற பெயரை மூன்று துண்டாக உடைத்து வாசித்தார்கள். அவருக்குக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

பொலிஸ்காரப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். படகில் இரை ஒன்றும் இல்லையே, என்ன கொண்டு போனார் என்று. அட்டை கொண்டு போயிருப்பார், தண்ணீரில் கொட்டியிருக்கும் என்றேன். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் போன அன்று காலை நான் பிரிட்ஜைத் திறந்தபோது அட்டை வாளி ஒரு பிடிகூடக் குறையாமல் விளிம்புவரை நிரம்பி இருந்தது. தண்ணீர்கூட மாற்றியிருந்தது. அவள் அதைக் கேட்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

தண்ணீர் மாற்றினேன். பெற்றோல் லொறி வந்து போனது.

நவம்பர் 9, சனி

ரே வந்தான். எங்கள் பழைய வாடிக்கை. கோடையில் குளங்களில் அட்டை பிடித்து எங்களுக்கு விற்பான். குளிர் வந்ததும் அவற்றையே எங்களிடம் திரும்ப வாங்கிக்கொண்டு போய்த் தூண்டில் போடுவான். இந்த வியாபாரம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஏரி உறைவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் போகப் போவதாகச் சொல்லி அட்டை கேட்டான்.

இல்லை என்றேன்.

அவன் பின்னறைப் பக்கம் பார்த்தான். பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. பொய் என்று அவனுக்குத் தெரியும். மண்புழு கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். கதவடியில் நின்று, உறைந்த பிறகு ஏரியின் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாங்கள் கடை வாங்கிய புதிதில் நான் இந்த வாளியைத் தொடமாட்டேன். ஊரில் மழைக்காலத்தில் அட்டை கடித்து ரத்தம் ஓடிய கால்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர் ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கையில் விட்டுக் காட்டினார். "பயப்பிடாதை. இது ரத்தம் குடிக்கிற சாதி இல்லை. செத்ததைத்தான் தின்னும்" என்றார்.

அப்போது அது ஆறுதலாக இருந்தது.

நவம்பர் 16, சனி

நேசன் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தார். அவருடைய தம்பி, லொறி ஓடுகிறவர். தேடிய நாளெல்லாம் இங்கே நின்று கரை கரையாக நடந்தவர். இன்றைக்கு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணி, ஐயரோட கதைச்சனான். உடம்பு கிடைக்காட்டிலும் செய்யலாமாம். தர்ப்பையில உருவம் செய்து தகனம் செய்யிறது. வாற கிழமை முப்பத்தொண்டாம் நாள் வருது, அந்தியேட்டிக் கிரியையும் சேத்துச் செய்வம்."

"ஆருக்கு அந்தியேட்டி?"

"அண்ணைக்கு."

"அவர் செத்தது உங்களுக்குத் தெரியுமோ, நேசன்?"



"அண்ணி, இந்தக் குளிருக்குள்ள..."

"எனக்குத் தெரியேல்லை. தெரிஞ்சாப் பிறகு செய்வம்" என்று வைத்துவிட்டேன். பாவம் அந்த மனுசன். அவரிடம் சீறி என்ன பயன்?

எழுதினால்தான் மனம் ஆறும் போல இருக்கிறது. செப்டெம்பரில் நான் சொன்னேன், இந்தக் குளிரை இன்னொரு வருடம் என்னால் தாங்க முடியாது, கடையை விற்றுவிட்டு ரொறன்ரோவுக்குப் போவோம் என்று. வாதாடுவார் என்று நினைத்தேன். வாதாட எல்லாம் ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அவர் "சரி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் முற்றத்துக் கதிரையில் இருந்து ஏரியைப் பார்க்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கேட்டால் பதில் சொல்வார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அந்தச் "சரி"யைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

முப்பத்தோராம் நாள். ஒன்றும் செய்யவில்லை. கடை திறந்தேன். வழமைபோலப் பொட்டு வைத்தேன். புதிதாக ஒருவன் வந்து முதலாளி எங்கே என்று கேட்டான். வெளியில் போயிருக்கிறார் என்றேன்.

டிசெம்பர் 1, ஞாயிறு

ஏரி மூடிவிட்டது. நேற்றுவரை கரையோரம் மட்டும்தான் ஐஸ் இருந்தது. காலையில் யன்னலால் பார்த்தால் முழுவதும் ஒரே சாம்பல் நிறம்.

ரே சொன்ன சத்தம் இதுதான். வருடா வருடம் கேட்டதுதான், தனியாகக் கேட்பது இதுதான் முதல் தரம். ஐஸ் தடிக்கும்போது உள்ளே வெடிப்பு ஓடுகிறது. தூரத்தில் தொடங்கி எங்கள் கரைவரை வந்து, வீட்டுக்கு அடியில் யாரோ கதவைத் தட்டுவதுபோல முடிகிறது. பகலில் பெற்றோல் போட வருகிறவர்கள் அதைக் கேட்டு மகிழ்ச்சியாகச் சிரிக்கிறார்கள், நல்ல ஐஸ் பிடிக்கிறது என்று.

நான் ஒரு தரம் "வாறன்" என்று பதில் சொல்லிவிட்டேன். கையில் வடிதட்டோடு நின்றேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

டிசெம்பர் 8, ஞாயிறு

படகுத்துறையில் பனி தள்ளப் போனேன். போயிருக்கவே தேவையில்லை, அங்கே ஒருவரும் வரப்போவதில்லை. கடைசிக் கட்டையில் ஒரு நீலக் கயிறு கட்டியிருந்தது. அது நேராக ஐஸுக்குள் இறங்கியது.

அந்த இடத்திலேயே பனியில் குந்திவிட்டேன்.

இதை எப்படி மறந்தேன்? கடையில் விற்கிற அட்டை பிரிட்ஜில் இருக்கும். ஆனால் குளிர் தொடங்கிய பிறகு தனக்கென்று தூண்டில் போடும்போது அவர் பிரிட்ஜ் அட்டையைத் தொடமாட்டார். கிணற்றுத் தண்ணீரில் கிடந்த அட்டையை பழக்காமல் நேரே ஏரித் தண்ணீரில் விட்டால் தூண்டில் முள்ளிலேயே உருண்டையாகச் சுருண்டுவிடும், மீன் திரும்பியும் பார்க்காது என்பார். அதனால் இலையுதிர்காலத்தில் ஒரு பெட்டியில் கொஞ்ச அட்டையைப் போட்டு, படகுத்துறையிலிருந்து கயிறு கட்டி ஏரியின் அடியில் இறக்கிவிடுவார். துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி. உட்பக்கம் மெல்லிய வலை, பாரத்துக்கு ஒரு செங்கல். அட்டைகள் ஏரியோடு சேர்ந்தே குளிர்ந்து பழகிக்கொள்ளும். பிறகு முள்ளில் குத்தினாலும் நீந்தும்.

மீனுக்குப் போகும் நாளில் பெட்டியைத் தூக்கி, ஒரு பிடி அட்டையைச் சிறிய சிவப்புத் தகரப் பேணியில் அள்ளுவார். பேணியை மூடி, உறைந்துவிடாமல் ஜக்கெட்டின் உள்பையில் வைத்துக்கொள்வார். மிச்ச அட்டை பெட்டியிலேயே இருக்கும், பெட்டி திரும்ப ஏரிக்குள் போகும். வீட்டுக்கு வந்தால் பேணியைக் கழுவிப் பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் கவிழ்த்துக் கொளுவிவிடுவார். அதற்கு அதுதான் இடம். என்னுடைய சமையலறையில் அது வரக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன்.

ஆகவே பிரிட்ஜ் வாளி நிரம்பியிருந்தது ஒரு அர்த்தமும் இல்லாத விஷயம். அர்த்தம் இருப்பது பேணியில். கம்பியில் பேணி இல்லையென்றால் அவர் மீன் பிடிக்கப் போனார். பேணி தொங்கினால் அவர் ஏரிக்குப் போனது மீனுக்கு அல்ல.

படகில் பேணி கிடைக்கவில்லை.

டிசெம்பர் 9, திங்கள்

கோடரியை எடுத்துக்கொண்டு போனேன். கொத்தினால் கயிறு அறுந்துபோகும், பிறகு பெட்டியை எடுக்கவே முடியாது. திரும்பி வந்துவிட்டேன்.

டிசெம்பர் 12, வியாழன்

தண்ணீர் மாற்றினேன். ரேயிடம் ஐஸில் துளை போடும் மெஷின் இருக்கிறது. கேட்டால் பத்து நிமிட வேலை. ஆனால் அவனுக்கு இப்போது மீன்பிடிக் காலம், எதற்குத் தொந்தரவு?

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். பாலைக் கொஞ்சம் பொங்கவிட்டேன், இறக்கினேன், ஒருத்தியாகச் சாப்பிட்டேன். நேசன் போனில் வாழ்த்துச் சொல்ல வந்து, வாய்க்குள்ளேயே நிறுத்திக்கொண்டார்.

நேற்று மாலை மின்சாரம் போய்விட்டது. வெளியே மூச்சே உறையும் குளிர். பின்னறைக்குச் சூடு கிடையாது. இந்த ஊர்க் குளிரில் பிரிட்ஜ் என்பது அட்டை உறைந்துபோகாமல் காப்பாற்றும் பெட்டி என்று அவர் சொல்லிச் சிரிப்பார். போய்த் திறந்தேன். தண்ணீரின் மேல் ஒரு ஐஸ் ஏடு. அடியில் எல்லாம் கறுப்பு உருண்டைகளாகக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

பதறிப்போய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அடுப்பு எரியும் அறையில் வைத்தால் சூடு கொன்றுவிடும். பின்னறையில் குளிர் கொன்றுவிடும். படுக்கையறைதான் இரண்டுக்கும் நடுவில். நிலத்தில் வைத்தால் நிலம் உறைகிறது. கட்டிலில் அவருடைய பக்கத்தில் வைத்துக் கம்பளியால் சுற்றினேன்.

காலையில் மின்சாரம் வந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். உருண்டைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தன. நீண்டு, தட்டையாகி, ஒரு நாடாவைப்போல அசைந்து அசைந்து நீந்தத் தொடங்கின. செத்துப்போனதாகவே நினைத்திருந்தேன்.

படுக்கையில் அவருடைய பக்கம் ஒரு ஈர வட்டம். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். பிறகு எழுந்து படுக்கை விரிப்பை மாற்றினேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

ரே மறுபடி அட்டை கேட்டான். மறுபடி இல்லை என்றேன். இரைக்குச் சிறிய மீன்கள் கொடுத்தேன். அவன் போகாமல் நின்றான். இந்த ஏரி ஆழம், குளிர், எடுத்ததை எல்லாம் திரும்பத் தருவதில்லை என்று மெதுவாகச் சொன்னான். அவனுடைய மாமனும் இதே ஏரியில்தானாம்.

நன்றாகச் சொன்னாய் என்று தமிழில் சொன்னேன். விளங்காவிட்டாலும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான்.

செத்ததைத்தான் தின்னும். அந்த வார்த்தையை நினைக்கக்கூடாது என்று நினைக்கிறேன். வாளியைத் திறக்கிறபோதெல்லாம் அது வருகிறது. இவை போன கோடையில் குளத்தில் பிடித்தவை, பாவம், ஒன்றும் அறியாதவை. ஏரியின் அடியில் இருப்பவை வேறு.

பெப்ரவரி 19, புதன்

வாசல் மணி அடித்தது. ஒருவரும் இல்லை. ஐஸ் வெடித்தால் வீடு ஆடும், அதனால் மணி அடிக்கும். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் போய்த் திறந்து பார்த்தேன். நாளைக்கு அடித்தாலும் திறப்பேன்.

மார்ச் 23, ஞாயிறு

நேசன் வந்திருக்கிறார். கூடவே ஆறு மாதத்துக்குப் போதுமான மிளகாய்த்தூளும் முருங்கைக்காயும் வந்திருக்கின்றன. ஆள் மெலிந்து போய்விட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"அண்ணி, ஒண்டு சொல்லவேணும். இவ்வளவு நாளும் சொல்லேல்லை."

"சொல்லுங்கோ."

"அண்ணை போறதுக்கு முதல் நாள் எனக்குப் போன் எடுத்தவர். நான் ரோட்டில. பிறகு எடுப்பம் எண்டு விட்டிட்டன். எடுக்கேல்லை. அண்டைக்கு நான் கதைச்சிருந்தால்..."

எங்கள் இருவருக்கும் ஒரே முள்தான் தொண்டையில் என்று அப்போதுதான் விளங்கியது. நான் எழுந்து அவருடைய தோளைத் தொட்டேன். அப்படித் தொட்டதால்தானோ என்னவோ, நானும் சொல்லிவிட்டேன். பொலிஸுக்குச் சொன்னதை, பிரிட்ஜ் நிரம்பியிருந்ததை, ஐஸுக்குள் இறங்கும் கயிற்றில் அட்டைகளோடு ஒரு பெட்டி தொங்குவதை.

நேசன் யன்னலுக்குப் போய்ப் படகுத்துறையைப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பெட்டியைத் தூக்கினால் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"கொண்டு போனவரோ இல்லையோ எண்டு பெட்டியைப் பாத்தால் தெரியும்" என்று தொடங்கினேன். பேணியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. இந்த முறை உண்மையான ஆள், ஸ்நோமொபைலுக்குப் பெற்றோல் கேட்டு. நான் திரும்பி வந்தபோது நேசன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு ஜக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் போக வேண்டுமாம்.

"ஐஸ் போறபோது எனக்குச் சொல்லுங்கோ அண்ணி. தனியத் தூக்காதேங்கோ" என்றார்.

சரி என்றேன். என் வாயிலிருந்தும் அந்தச் சொல்தான் வந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. ஐஸ் கறுக்கத் தொடங்கிவிட்டது. மேலே தண்ணீர் நிற்கிறது. ஒருவரும் இனி ஏரிக்குள் நடப்பதில்லை. வாளியில் இன்றைக்கு நிறையச் செத்துக் கிடந்தன. பொறுக்கினேன். மிச்சம் போதும், போதும் என்று சொல்லிக்கொண்டேன். எதற்குப் போதும்?

ஏப்ரல் 29, செவ்வாய்

கயிற்றைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் தெரிகிறது. நேசனுக்குச் சொன்னேன்.

மே 2, வெள்ளி

மதியத்தோடு காற்று மாறியது. ஐஸ் முழுவதும் ஒரே தட்டாக நகர்ந்து வடக்குக் கரையில் போய் ஏறியது. கண்ணாடிக் கடை உடைந்ததுபோல ஒரு சத்தம். மாலையில் நேசன் வந்து சேர்ந்தார். விடிந்ததும் தூக்குவோம் என்று முடிவு செய்தோம். புட்டு அவித்தேன், நன்றாகச் சாப்பிட்டார். என்னால்தான் முடியவில்லை.

மே 3, சனி

நான் எழுந்து தேநீர் வைக்கும்போது நேசன் வெளியிலிருந்து உள்ளே வந்தார். நித்திரை வரவில்லை, ரோட்டில் நடந்துவிட்டு வந்தேன் என்றார். உள்ளங்கையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. காரின் கதவில் கிழித்துவிட்டதாம்.

ஏழு மணிபோலப் படகுத்துறைக்குப் போனோம். கயிற்றை அவர்தான் இழுத்தார். பெட்டி தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. அவர் மூடியை அவிழ்க்கத் தொடங்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணி, பாருங்கோ! ஒண்டும் இல்லை! வெறும் பெட்டி! எல்லாத்தையும் கொண்டு போயிட்டார் அண்ணை. மீனுக்குத்தான் போனவர்!"

அவருடைய முகத்தில் கண்ணீர். என் கையைப் பிடித்து ஆட்டினார். நான் கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தேன். செங்கல் இருந்தது. வலை இருந்தது. கம்பி வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு அட்டை இல்லை, செத்தது ஒன்றுகூட இல்லை.

பெட்டி நிறைய அட்டையை ஒரு நாளைக்கு யார் கொண்டு போவார்கள்? ஒரு பிடிதான் எடுப்பது. மிச்சம் எப்போதும் பெட்டியில் கிடக்கும். மீன் பிடிக்கப் போனாலும் கிடக்கும், போகாவிட்டாலும் கிடக்கும். இது இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். லொறி ஓடுகிற நேசனுக்குத் தெரியாது. அட்டை என்றால் அவருக்கு அருவருப்பு, ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

மூடியைக் கட்டியிருந்த முடிச்சும் என் வீட்டுக்காரருடையது அல்ல. கையுறையோடு ஒரு இழுவையில் அவிழ்கிற முடிச்சுத்தான் அவர் போடுவார். இது விமானத்துக்குப் போகிற பெட்டியைக் கட்டுவதுபோல மூன்று சுற்று.

பலகைகளுக்கு இடையில் ஒரு கறுப்பு உருண்டை கிடந்தது. நேசன் பார்க்கவில்லை. குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோல அதை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"ஓம் நேசன். மீனுக்குத்தான் போனவர்" என்றேன்.

வேறு என்ன சொல்ல? என்னில் வைத்த பாசத்தால் விடியமுன் குளிர்ந்த தண்ணீருக்குள் கையை விட்டு, அருவருப்பை விழுங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் அள்ளி ஏரியில் கொட்டியிருக்கிறார். பேணி இருந்திருந்தால் பேணியையும் சேர்த்துத்தானே கொட்டியிருப்பார்? குளிர்காலம் முழுவதும் நான் காத்திருந்த ஒரே பதில் அது.

வீட்டுக்கு வரும்போது கைக்குள் அது அவிழ்ந்து அசையத் தொடங்கிவிட்டது. வாளிக்குள் விட்டேன். மற்றவற்றோடு கலந்துவிட்டது.

மே 4, ஞாயிறு

நேசன் போய்விட்டார். போகும்போது விசில் அடித்தார். பேணியைப் பற்றி நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

மே 6, செவ்வாய்

தண்ணீர் மாற்றினேன். ஏரி நீலமாக, ஒன்றும் நடக்காததுபோல இருக்கிறது. அதன்மேல் எனக்கு வருகிற கோபத்தைச் சொல்லி முடியாது. அவர்மேலும் கோபம். இத்தனை மாதமாக அழுகை ஒரு சொட்டு வரவில்லை. செத்தவருக்கு அழலாம், விட்டுப் போனவருக்கு எப்படி அழுவது?

மே 9, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

நேசனைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று ஐந்து நாள் பொறுத்தேன். பிறகு ஒன்று விளங்கியது. அட்டை இருந்தால் கெட்ட செய்தி, இல்லாவிட்டால் நல்ல செய்தி என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். பேணியைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. பேணி இருந்தது என்றால் நான் அழுவேனா, இல்லை என்றால் அழுவேனா என்று அவருக்குத் தெரியாது. என்னைத் தேற்றப் பொய் சொல்ல நினைத்தாலும் எந்தப் பக்கம் பொய் சொல்வார்?

போன் எடுத்தேன். லொறியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"நேசன், நீங்கள் பெட்டியை விடியமுன் தனியத் திறந்தது எனக்குத் தெரியும். கோவம் இல்லை. ஒரு சொட்டுக் கோவமும் இல்லை. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. உள்ளுக்க கம்பியில கொளுவியிருந்த சிவப்புப் பேணி எங்க? ஏரிக்குள்ள எறிஞ்சிருந்தாலும் பரவாயில்லை."

விம்மல் கேட்டது.

"அண்ணி, என்னை மன்னியுங்கோ. பெட்டி நிறையக் கிடந்தது அண்ணி. உருண்டை உருண்டையா. அண்ணை கொண்டு போகேல்லை. அதைப் பாத்தால் நீங்கள் தாங்கமாட்டியள் எண்டுதான்..."

"அது கிடக்கட்டும். பேணி?"

"பேணி எண்டு ஒண்டும் இருக்கேல்லை அண்ணி. சத்தியமா. உள்ள ஒரு கம்பிதான் நீட்டிக்கொண்டு நிண்டது. இருட்டில தெரியாமக் கையை விட்டு, அதுதான் என்ர கையைக் கிழிச்சது."

பேணி கொளுவியிருந்தால் கம்பியின் நுனி பேணிக்குள் மறைந்திருக்கும். ஒருவருடைய கையையும் கிழிக்காது. அதைக் கழுவிக் கொளுவி இத்தனை வருடத்தில் அவருடைய கையில் ஒரு கீறல் விழுந்ததில்லை.



"நேசன், கேளுங்கோ. அவர் மீனுக்குத்தான் போனவர்."

"என்னைத் தேத்தாதேங்கோ அண்ணி."

"தேத்தேல்லை. ஒரு பிடிதான் எடுக்கிறது நேசன். பேணியில அள்ளி ஜக்கெற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு போறது. மிச்சம் எப்பவும் பெட்டிக்குள்ள கிடக்கும். பேணி அங்க இல்லையெண்டால் அவரிட்ட இருக்கு. உங்களுக்குப் போன் எடுத்தது சும்மா கதைக்கத்தான். ஏரியில மீன் நிக்குது எண்டு சொல்ல எடுத்திருப்பார்."

இரண்டு தரம் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. பிறகு அவர் அழுத அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். இந்தக் குளிர்காலம் முழுவதும் வராத அழுகை. வாய்விட்டு, ஒப்பாரி போல, கடை திறந்திருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் அழுதேன். அவர் என்னை விட்டுப் போகவில்லை. மீன் பிடிக்கப் போனார், செத்துப்போனார். என்னுடைய மனுசன் செத்துப்போனார்.

மே 10, சனி

ஐயரைக் கேட்டு நாள் வைக்கும்படி நேசனுக்குச் சொன்னேன். தர்ப்பையில் செய்யட்டும். மேலே போர்த்த அவர் வீட்டில் கட்டும் சாறம் ஒன்றைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன்.

மாலையில் ரே வந்தான். மீன்பிடி சீசன் திறக்கப் போகிறது. இந்த முறை அட்டை கேட்கவில்லை, மண்புழுதான் கேட்டான். பொறு என்று சொல்லிப் பின்னறைக்குப் போய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன். தண்ணீர் இன்னும் குளிர், மெதுவாகப் பழக்கி இறக்கு, இல்லாவிட்டால் சுருண்டுவிடும் என்றேன்.

தெரியும் என்றான். குணநாயகம் எனக்கும் சொல்லியிருக்கிறார் என்றான். அந்தப் பெயரை அவன் உடைக்காமல் சொன்னான்.